தஞ்சாவூரில் ஒரு தாழ்ப்பாள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். அதிலும் ஐந்தாவதில் பாதி வருஷம் நாற்று நடவுக்குப் போய்விட்டது. என் எழுத்து கோணலாக ஓடும். சொல்ல வந்ததை விட்டு வேறெங்கோ போய், எதற்குப் போனோம் என்று மறந்து திரும்பி வரும். தேதி, கிழமை எல்லாம் என்னிடம் நிற்காது. யார் என்ன சொன்னார்கள் என்பது மட்டும் நிற்கும். என்னைச் சொன்னது என்றால் இன்னும் நன்றாக நிற்கும்.

நான் எழுத வந்தது, தஞ்சாவூரில் ஒரு லாட்ஜில் தங்க நாங்கள் போட்ட திட்டத்தைப் பற்றி. தங்கியது ஒரு நாள். திட்டம் போட்டது ஒன்றரை மாதம். அங்கே பெரிய கோயிலைக் கட்டின ராஜாகூட இவ்வளவு யோசித்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

எங்கள் ஊர் புதுவாயல் கூட்டுரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. நெல் வைக்கிற நிலம் கொஞ்சம் உண்டு. என் வீட்டுக்காரர் இன்னும் அதைப் பார்த்துக்கொள்கிறார், இல்லாவிட்டால் அது அவரைப் பார்த்துக்கொள்கிறது. மகனுக்குக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு இரும்புக் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. மருமகள் எதைக் கேட்டாலும் போனில் பார்த்துச் சொல்கிறவள். பக்கத்து வீட்டில் என் நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா. தூங்குவதற்கு மட்டும் அவர் தன் வீட்டுக்குப் போவார். இந்தக் கதையில் இவ்வளவுதான் ஆட்கள்.

எங்கள் பக்கத்தில் வெளியூர்க் கோயிலுக்குப் போவதற்கு ஒரு முறை இருக்கிறது. தெருவே சேர்ந்து வேன் பிடிக்கும். ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஏறினால், விடிகிறபோது கோயில் வாசலில் இறங்க வேண்டும். குளத்திலோ குழாயடியிலோ குளியல், அப்புறம் சாமி, அப்புறம் மண்டபத்தில் புளிச்சோறு, அப்புறம் அடுத்த ஊர். தங்குவது என்ற பேச்சே கிடையாது. காசு கொடுத்துத் தூங்குவதற்கு எங்களுக்கு என்ன வீடு வாசல் இல்லையா?

இந்த முறையில் ஒரே ஒரு குறை. அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆண்களுக்கு வேன் எங்கே நின்றாலும் வசதிதான், ஒரு மரம் போதும். பெண்களுக்கு இருட்டு வேண்டும். எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் விடியற்கால இருட்டுதான் எங்களுக்குக் கக்கூஸ். கதவு இல்லை, வாடகையும் இல்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் இருக்கும், அப்படி ஒரு வேனில் நான் தஞ்சாவூர் போனேன். வழியில் டயர் பஞ்சர். ஊர் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறி, நடை சாத்துகிற நேரம் நெருங்கிவிட்டது. இருட்டெல்லாம் வழியிலேயே தீர்ந்துவிட்டது. எல்லாரும் சாமி பார்க்க உள்ளே ஓடினார்கள். நான் தஞ்சாவூர்த் தெருக்களைப் பார்க்க ஓடினேன். எத்தனை தெரு, எத்தனை சந்து. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, கேட்க வாய் வராமல் அடுத்த வாசலுக்குப் போனேன். கடைசியில் வாசல் கூட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, ஒன்றும் கேட்காமல் கொல்லைப்பக்கம் கையைக் காட்டினார். அவர் நன்றாக இருக்க வேண்டும். வழி விசாரித்துத் திரும்பி வந்தபோது நடை சாத்திவிட்டார்கள். வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

வேனில் நாற்பது பேர். நான் மற்றவர்களோடு இருந்தேன் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள். பெரிய கோயிலைப் பார்த்தாயா என்று கேட்டார்கள். பார்த்தேன் என்றேன். எப்படி இருந்தது என்றார்கள். பெரிசாக இருந்தது என்றேன். அன்றிலிருந்து நான் பெரிய கோயிலைப் பார்த்தவள்.

போன வருஷம் ஒரு நாள் டிவியில் அந்தக் கோயில் நந்திக்கு அபிஷேகம் செய்வதைக் காட்டினார்கள். என்னையும் அறியாமல், இன்னொரு தடவை போய்ப் பார்க்கணும் என்று சொல்லிவிட்டேன். நான் எதையும் வேண்டும் என்று கேட்கிறவள் இல்லை. அதனால் வீட்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர்தான் வாயைத் திறந்தார். “நீதான் பாத்துட்டியே மே. திரும்ப இன்னாத்துக்கு? அது இன்னா வளந்துகினா கீது?”

மகன் மட்டும், பாவம், நல்ல மனசோடு சொன்னான். இந்தத் தடவை வேனெல்லாம் வேண்டாம், இரண்டு நாள் லீவு போடுகிறேன், ரயிலில் போய் ரூம் போட்டுத் தங்கி டீசண்டாகப் பார்த்துவிட்டு வரலாம் என்றான். ரூம் என்று அவன் சொன்னதும் எனக்கு அறை தெரியவில்லை. அதற்குள்ளே இருக்கிற இன்னொரு சின்ன அறை தெரிந்தது. அதன் கதவு தெரிந்தது. உள்பக்கத் தாழ்ப்பாள் தெரிந்தது.

இப்போது இருட்டு இருந்தாலும் எனக்குப் பிரயோஜனம் இல்லை. இரண்டு முட்டியும் மடங்காது. கீழே குந்த முடியாது, குந்தினால் எழ முடியாது. வீட்டில் மகன் மெடிக்கல் கடையிலிருந்து நடுவில் ஓட்டை வைத்த ஒரு நாற்காலி வாங்கிவந்து கக்கூஸில் போட்டிருக்கிறான். ஆகவே தஞ்சாவூரில் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. உயரமாக உட்காருகிற கக்கூஸ், தாழ்ப்பாளோடு. அது இருந்தால் தண்ணீர் குடிக்கலாம். தண்ணீர் குடித்தால் தலைசுற்றாமல் கோயிலைப் பார்க்கலாம். இல்லாவிட்டால் திரும்பவும் பார்க்காமலே பார்த்தேன் என்று சொல்ல வேண்டியதுதான். இனி மூன்றாம் தடவைக்கு எனக்கு வயசு இல்லை.

இதை மகனிடம் சொல்லிவிட்டால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்துபோகும். சொல்வது எப்படி? நான் பெற்றவனாக இருந்தாலும் ஆம்பளைப்பிள்ளை. அவன் எதிரில் அந்த வார்த்தையை நான் உச்சரித்ததில்லை. அந்த நாற்காலியை அவன் கொண்டுவந்து போட்ட அன்றுகூட நாங்கள் இரண்டு பேரும் மழை வருமா என்று பேசிக்கொண்டிருந்தோம்.

திட்டம் தொடங்கியது. தினமும் ராச்சாப்பாட்டுக்கு முன்னால் கூட்டம் கூடும். மருமகள் போனைத் தள்ளித் தள்ளிப் படம் காட்டுவாள். தஞ்சாவூரில் இத்தனை லாட்ஜா என்று எனக்கு மலைப்பாக இருந்தது. எல்லா லாட்ஜிலும் ஒரே கட்டில், அதன்மேல் துண்டை அன்னப்பறவை மாதிரி மடித்து உட்காரவைத்திருப்பார்கள். கட்டிலை நான்கு பக்கத்திலிருந்தும் படம் எடுத்திருப்பார்கள். வாசலை, மாடிப்படியை, நாஷ்டா சாப்பிடுகிற மேஜையை, மேஜைமேல் இருக்கிற பிளாஸ்டிக் பூவை எடுத்திருப்பார்கள். நான் பார்க்க வேண்டியது மட்டும் வரவே வராது. ஒரு தடவை ஒரு பாத்ரூம் கதவு தெரிந்தது. நான் கண்ணை இடுக்கிக் குனிவதற்குள் மருமகள் அடுத்த அன்னப்பறவைக்குப் போய்விட்டாள்.

எல்லாருக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. மகனுக்கு ஜன்னலைத் திறந்தால் கோபுரம் தெரிய வேண்டும். ஆயிரத்துக்குள்ளும் இருக்க வேண்டும். ஆயிரத்துக்கு அவ்வளவு பெரிய கோபுரம் எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. மருமகளுக்கு ஏசி, டிவி, அப்புறம் நட்சத்திரம். தங்கிவிட்டுப் போனவர்கள் போனில் நட்சத்திரம் போட்டிருப்பார்களாம், நான்குக்குக் குறைந்தால் அவள் தொடமாட்டாள். என் வீட்டுக்காரருக்கு எதிரிலேயே டீக்கடை. எழுந்ததும் டீ குடிக்காவிட்டால் அவருக்குப் பேஜாராகிவிடும், கோயில் குளமெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நாத்தனார் முதல் வாரம் வரமாட்டேன் என்றார். “லாட்ஜுக்கு யாரு யாரு போவாங்கன்னு எனுக்குத் தெரியாதா? மானம் மரியாதையா பொழைக்கிற குடும்பம்” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். இரண்டாவது வாரம், நாங்கள் அந்த மாதிரி இடத்தில் தனியாகத் தங்குவது நல்லதில்லை என்பதால் துணைக்கு வருவதாகச் சொன்னார். வருவதென்று ஆனதும் அவரிடமும் நிபந்தனைகள் இருந்தன. அந்தக் கட்டிலில் யார் படுத்தார்களோ, சொந்தப் படுக்கைவிரிப்பு வேண்டும். அந்தத் தம்ளரில் யார் குடித்தார்களோ, சொந்தத் தம்ளர் வேண்டும். ஓட்டல் சோறு ஆகாது, அதனால் ஒரு ஸ்டவ், ஒரு குக்கர், அரிசி, பருப்பு. லாட்ஜில் சமைக்க விடமாட்டார்கள் என்று மருமகள் சொன்னதற்கு, நாம் சமைப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். குக்கர் விசில் அடிக்குமே என்று நான் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஸ்டவ்வை மூட்டை கட்டித் தஞ்சாவூர் கொண்டுபோகலாம். அது சாமர்த்தியம். ஓட்டை நாற்காலியைக் கொண்டுபோனால் அது மானக்கேடு.

நான் சும்மா இருக்கவில்லை. மூன்று தடவை முயற்சி செய்தேன். மருமகளிடம், பாத்ரூம் வழுக்குமா என்று கேட்டுப் பார்த்தேன். நல்ல டைல்ஸ்தான் அத்தை, பயப்படாதீங்க என்றாள். இரண்டாவது தடவை, பாத்ரூம் எப்படி இருக்கும் என்றேன். சூப்பராக இருக்கும் என்றாள். அதற்குமேல் எப்படிக் கேட்பது? மூன்றாவதாக வீட்டுக்காரரிடமே நேராகச் சொன்னேன், வரப்பில் யாரும் இல்லாதபோது. அவர் மடையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். “ஒரு நாளு தானே. அடக்கிக்கினு இரு.” இத்தனை வருஷம் கூடவே குடித்தனம் செய்தவர் கொடுத்த யோசனை அது. நாட்டில் அணைகளைக்கூட ஆண்கள் இந்த நம்பிக்கையில்தான் கட்டுகிறார்கள் போலிருக்கிறது.

கடைசியில் ஒரு லாட்ஜ் எல்லா நிபந்தனைக்கும் பொருந்தியது. மூன்றாவது மாடி, ஐந்து பேர் தங்குகிற பெரிய அறை, ஏசி, டிவி, ஜன்னலில் கோபுரம், எதிரில் டீக்கடை, நான்கேகால் நட்சத்திரம். மகன் போனிலேயே ரூம் போட்டான். எல்லாரும் ஒரு கல்யாணத்தை முடித்த மாதிரி மூச்சுவிட்டார்கள். நான் படத்தில் மாடிப்படியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இப்போது மகனுடைய கம்பெனியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வாசலிலேயே போனை வாங்கி ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். ஷிஃப்ட் முடிந்தால்தான் கைக்கு வரும். அதனால் ரூம் போடுகிறபோது தன் நம்பரோடு என் நம்பரையும் கொடுத்திருக்கிறான். என்னுடையது பொத்தான் போன். அதில் தப்பான நம்பர்தான் அதிகம் வரும்.

கிளம்புவதற்கு மூன்று நாள் இருக்கும், மத்தியான நேரம். மகன் ஷிஃப்டில். மருமகள் புதுவாயல் கடைக்குப் போயிருந்தாள். வீட்டுக்காரர் வயலில். நாத்தனார் அன்றைக்கு அதிசயமாகத் தன் வீட்டில் இருந்தார். போன் அடித்தது. தஞ்சாவூர் லாட்ஜிலிருந்து பேசுவதாக ஒரு ஆம்பளைக் குரல். நல்ல மெதுவான குரல். எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்டார்.

ரயில் விடியற்காலம் ஐந்துக்கு வந்துவிடும், நேராக வந்துவிடுவோம் என்றேன். ஐந்து மணிக்கு ரூம் தர முடியாதும்மா, மத்தியானம் பன்னிரண்டுக்குத்தான் என்றார். அது போனிலேயே போட்டிருக்கிறதே என்றும் சொன்னார்.

போட்டிருந்ததுதான். மருமகள் அதையும் ஒரு நாள் படித்துக் காட்டினாள். அது யார் காதிலும் விழவில்லை. எங்களுக்கு நாள் என்றால் விடியலில் தொடங்குகிறது. கோயிலுக்குப் போவதென்றால் விடிகிறபோது போய் இறங்குவது என்று ரத்தத்தில் ஊறிப்போயிருக்கிறது. லாட்ஜ்காரர்களுக்கு நாள் மத்தியானம் பன்னிரண்டுக்குத் தொடங்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒன்றரை மாதக் கூட்டத்தில் பிளாஸ்டிக் பூவின் நிறத்தைப் பற்றிக்கூடப் பேசியிருக்கிறோம்.

கோயில் எப்போது சாத்துவார்கள் என்று கேட்டேன். பன்னிரண்டரைக்கு என்றார். சாயங்காலம் திரும்பத் திறப்பார்கள்தான், ஆனால் விடிந்ததும் கோயில் என்று போய் இறங்குகிறவர்கள் அதுவரைக்கும் பொறுக்கமாட்டார்கள். அறை திறக்கும்போது கோயில் சாத்துகிறது. கோயில் திறந்திருக்கும்போது நான் திரும்பவும் தெருத்தெருவாக அலைய வேண்டும், அதுவும் இந்த முட்டியோடு. அம்மா லைனில் இருக்கிறீர்களா என்றார்.

வீட்டில் யாரும் இல்லை என்று இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன். இந்த மனிதரை நான் பார்த்ததில்லை. அவர் என் முகத்தைப் பார்க்க இன்னும் மூன்று நாள் இருக்கிறது. வெட்கப்படுவதை மூன்று நாள் தள்ளிவைக்கலாம் என்று தோன்றியது.

“நைனா, ஒண்ணு கேப்பன், தப்பா நெனைக்காத. அந்த ரூம்ல கக்கூஸு கீழ குந்தறதா, ஒசரமா குந்தறதா?”

அவர் சிரிக்கவில்லை. “மூணாவது மாடி எல்லாம் இண்டியன்தாம்மா. உங்களுக்கு வெஸ்டர்ன் வேணுமா?” காப்பிக்குச் சர்க்கரை வேணுமா என்பது போலக் கேட்டார். ஒன்றரை மாதமாக ஒருவராவது என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

முட்டி மடங்காது என்று சொன்னேன். மாடியேற லிஃப்ட் இருக்கிறதா என்றும் கேட்டேன். கட்டப்போகிறோம் என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, கீழ்த்தளத்தில் ஒரு அறை இருக்கிறது, அதில் வெஸ்டர்ன் உண்டு என்றார். ஜெனரேட்டருக்குப் பக்கத்தில். ஜன்னல் கிடையாது. ஏசி கிடையாது. டிவி ரிப்பேர். இரண்டே கட்டில், மற்றவர்களுக்குப் பாய் தருவார்களாம். யாரும் கேட்காததால் அது சும்மாதான் கிடக்கிறது, விடியற்காலையிலேயே தந்துவிடலாம் என்றார். எங்கள் வீட்டில் ஒவ்வொருவரும் வேண்டாம் என்று சொன்னதையெல்லாம் சேர்த்து ஒரு அறை கட்டி வைத்திருந்தார்கள்.

“உள்பக்கம் தாப்பா கீதா? போட்டா ஒழுங்கா வுழுமா?”

ஒரு நிமிஷம் இருங்கம்மா என்றார். செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு கதவு கிறீச்சிட்டது. அப்புறம் டக் என்று ஒரு சத்தம், தெளிவாக. “விழுதும்மா” என்றார்.

அதையே கொடுத்துவிடு நைனா என்றேன். எங்கள் வீட்டில் யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னேன். சரிம்மா என்றார்.

அடுத்த மூன்று நாளும் வீட்டில் ஒரே கோபுரப் பேச்சு. படுத்துக்கொண்டே பார்க்கலாம் என்றான் மகன். ஜன்னலுக்கு எதிரில் என்னை உட்காரவைத்துப் படம் எடுப்பதாக மருமகள் சொன்னாள். நான் ஆமாம் ஆமாம் என்றேன். என் வாழ்க்கையில் இதுவரைக்கும் நான் யாருக்கும் தெரியாமல் செய்தது, முறுக்கு டப்பாவில் கை விட்டது மட்டும்தான். இப்போது ஒரு கோபுரத்தையே மறைத்துவைத்திருந்தேன்.

ஷட்டில் வண்டியில் சென்னை போய், அங்கிருந்து ராத்திரி ரயில். ரயிலில் உயரமாக உட்காருகிற மாதிரியும் உண்டு, எனக்குத் தெரியும். ஆடுகிற வண்டியில், வெளியே ஆறு பேர் கதவைத் தட்டிக்கொண்டிருக்க, இந்த முட்டியை வைத்துக்கொண்டு அங்கே போக நான் சர்க்கஸில் வேலை செய்தவள் இல்லை. முதல் நாள் மத்தியானத்திலிருந்தே தண்ணீரை நிறுத்திவிட்டேன். எனக்கு இது பழக்கம்தான். வெளியே கிளம்புகிற பெண்கள் நிறையப் பேருக்குப் பழக்கம். யாரும் சொல்லிக்கொள்வதில்லை.

விடியற்காலம் ஐந்தரைக்கு ஆட்டோவில் லாட்ஜ் வாசலில் இறங்கினோம். மேஜைக்குப் பின்னால் ஒல்லியாக, கண்ணாடி போட்ட ஒருவர். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் எழுந்து நின்றார். அந்தக் குரல்தான். சாவியை எடுத்து, கீழ்த்தளம் சார், இந்தப் பக்கம் என்றார்.

மூன்றாவது மாடியல்லவா போட்டேன் என்றான் மகன். அவர் நோட்டைப் பார்த்து, “அம்மா போன்ல மாத்தச் சொன்னாங்களே சார்” என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் யாரிடமும் சொல்லாதே என்றுதான் நான் சொல்லியிருந்தேன். இது அவருடைய இடம்.

நான்கு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கோபுரம் தெரிகிற ரூம்மா அது, ஒன்றரை மாசம் தேடினேன் என்றான் மகன். ஏசி இல்லையா என்றாள் மருமகள், என்னை அல்ல, மேஜைக்காரரை. “யாரக் கேட்டு மாத்தன?” என்றார் என் வீட்டுக்காரர்.

யாரைக் கேட்பது? கேட்டவர்களெல்லாம் சொன்ன பதில் எனக்கு நினைவிருந்தது. தொண்டை வறண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. வெட்கப்படவும் வாயில் ஈரம் வேண்டும் போலிருக்கிறது. அது இல்லாததால்தானோ என்னவோ, சொல்லிவிட்டேன்.

“மூணு மாடி ஏறி, என்னால கீழ குந்த முடியாதுடா. ஊட்ல நாற்காலி வாங்கியாந்து போட்டியே, அது எதுக்குன்னு நெனச்ச?”

மகன் தன் செருப்பைப் பார்த்தான். வீட்டுக்காரர் சுவரில் இருந்த காலண்டரை, அதில் கிழமை எழுதியிருக்கிறதா என்று ஆராய்ந்தார். மருமகள் மட்டும் என்னைப் பார்த்து, “இத எங்கிட்ட சொல்லக்கூடாதா அத்தே” என்றாள். வழுக்குமா என்று கேட்டேனே என்று சொல்ல நினைத்தேன். அவள் கண் கலங்கியிருந்ததால் விட்டுவிட்டேன்.

அந்த நேரத்தில் என் நாத்தனார் ஒரு காரியம் செய்தார். ஸ்டவ் மூட்டையைத் தரையில் வைத்தார். மேஜைக்காரர் கையிலிருந்த சாவியை வாங்கினார். “எனுக்குந்தான் குந்த முடியல. எவகிட்ட போய் சொல்றது” என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு, விறுவிறு என்று போய் அறையைத் திறந்து உள்ளே போனார். நான் மெதுவாகப் பின்னால் போய்ச் சேர்வதற்குள் உள்ளிருந்த சின்னக் கதவு சாத்திக்கொண்டது. டக் என்று தாழ்ப்பாள் விழுந்தது.

யார் படுத்த கட்டிலோ என்று பார்த்தவர், இதில் யார் உட்கார்ந்தார்களோ என்று பார்க்கவில்லை. அரை மணி நேரம் வெளியே வரவில்லை. ஒன்றரை மாதம் நான் கனவு கண்ட கதவுக்கு வெளியே, அந்தக் கட்டிலில் உட்கார்ந்து, துண்டு அன்னப்பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது படத்தில் இருந்த மாதிரி இல்லை. கழுத்து தொங்கியிருந்தது.

பிறகு என் முறை வந்தது. அதைப் பற்றி எழுத மாட்டேன். கதவு இருந்தது, தாழ்ப்பாள் விழுந்தது, யாரும் தட்டவில்லை. வெளியே வந்து, நாத்தனாரின் சொந்தத் தம்ளரில் தண்ணீர் மொண்டு, எல்லார் எதிரிலும் முழுசாகக் குடித்தேன். இன்னொன்றும் குடித்தேன். கோயிலுக்குக் கிளம்புகிற நேரத்தில் நான் தண்ணீர் குடித்தது என் வயசுக்கு அதுதான் முதல் தடவை.

கோயிலை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. வாசல் தாண்டி உள்ளே போனதும் கல்தரை ஜில்லென்று இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். கழுத்து வலிக்கும் வரைக்கும் கல். உச்சிவரைக்கும் கல். வெயில் அப்போதுதான் மேலே பட ஆரம்பித்து ஒவ்வொரு அடுக்காக இறங்கிக்கொண்டிருந்தது. எங்கேயும் ஒரு பொட்டு பெயிண்ட் கிடையாது.

எனக்குத் திக்கென்றது. ஏனென்றால் இத்தனை வருஷமாக யார் கேட்டாலும் நான் சொல்லிவந்தது, கோபுரம் முழுக்கக் கலர் கலராகப் பொம்மை என்று. எல்லாக் கோபுரத்திலும் அதுதானே இருக்கிறது என்று ஒரு தைரியத்தில் சொன்னது. என்னோடு வேனில் வந்தவர்கள் ஒருவரும் அதை மறுத்ததில்லை. அதிலும் என் நாத்தனார், ஆமாம் ஆமாம், பச்சையும் சிவப்பும் என்று எடுத்துக்கொடுப்பார்.

அவர் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். நிமிர்ந்து வெகுநேரம் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னார். “பெயிண்டெல்லாம் உதுந்து பூட்ச்சி போல கீது.”

அன்றைக்கு வேனிலிருந்து இறங்கி ஓடினவள் நான் ஒருத்தி மட்டும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் எந்தத் தெருப்பக்கம் போனாரோ. “ஆமா அண்ணி, மழ ஜாஸ்தி” என்றேன். அதற்குமேல் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இந்த வயசில் ஒருத்தருக்கொருத்தர் கொடுத்துக்கொள்கிற மரியாதை அவ்வளவுதான்.

நடை சாத்துகிற வரைக்கும் நாங்கள் வெளியே வரவில்லை. என் வீட்டுக்காரர் டீக்கடைக்கு இரண்டு தடவை போய்விட்டு வந்தார். மகன் ஆளுக்கு ஒரு தடவை படம் எடுத்தான், என்னை மூன்று தடவை எடுத்தான், செருப்பைப் பார்த்ததற்குப் பரிகாரமாக இருக்கலாம். நாத்தனாரும் நானும் நந்தியைச் சுற்றினோம், பிராகாரம் சுற்றினோம், உட்கார்ந்தோம், திரும்பவும் சுற்றினோம். தாகம் எடுத்தபோதெல்லாம் குழாயில் தண்ணீர் குடித்தேன். முட்டி வலித்தது. வேறொன்றும் அவசரமில்லை.

மத்தியானம் அறையில் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடியது. தலைக்குள்ளேயே ஓடுவது போல இருந்தது. மகன் மூன்றாவது மாடி வராந்தாவுக்கு ஏறிப்போய்க் கோபுரத்தைப் படம் எடுத்து, எங்கள் அறை ஜன்னலிலிருந்து தெரிகிற மாதிரி போனில் போட்டுவிட்டான். ஊரில் எல்லாரும் பார்த்துப் பொறாமைப்பட்டார்களாம். எங்கள் குடும்பத்தில் பெரிய கோயிலைப் பற்றிப் பொய் சொல்வது பரம்பரையாக வருகிறது. நாத்தனார் குக்கர் வைத்தார். விசில் அடித்தது. ஜெனரேட்டர் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அந்த அறைக்கு அது ஒரு நன்மை.

திரும்பி வந்ததும் மருமகள் அந்த லாட்ஜுக்கு நட்சத்திரம் போட்டாள். இரண்டு. ஜன்னல் இல்லை, ஏசி இல்லை, டிவி இல்லை, அன்னப்பறவை சரியில்லை என்று எழுதினாள். அவள் எழுதியதில் ஒரு பொய்யும் இல்லை. அத்தை நீங்களும் போடலாமே என்றாள். பொத்தான் போனில் நட்சத்திரம் போட முடியாது. அதனால்தான் இதை நோட்டில் எழுதுகிறேன்.

லாட்ஜின் பெயரை எழுதினால் விளம்பரம் ஆகிவிடும் என்கிறான் மகன். கேட்கிற பெண்களுக்கு நான் வாய்விட்டே சொல்வேன், இப்போது அது எனக்கு வருகிறது. ஆனால் என் ஞாபகத்தை மட்டும் நம்பி யாரும் கிளம்பிவிட வேண்டாம். நடை சாத்துவது பன்னிரண்டரைக்கா ஒரு மணிக்கா என்பதில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பாத்ரூமில் பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பி இருந்ததாக நினைவு, அது துண்டு போடுகிற கம்பியாகவும் இருக்கலாம். வாசலில் படி இரண்டு என்று மருமகளும், மூன்று என்று நாத்தனாரும் சொல்கிறார்கள். தஞ்சாவூரில் இருக்கிறவர்கள் யாராவது ஒரு நடை போய்ப் பார்த்து, தப்பு இருந்தால் திருத்திக் கொடுங்கள். மற்றதை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் படியை மட்டும் முதலில் எண்ணிச் சொல்லுங்கள்.